காலை ஆட்டாதீங்க

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "ஈ ஓட்டிட்டு இருக்கறனுங்க" என்பேன். ஐயோ பாவம், கடை வைத்து நொடித்துப் போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பழ ஈக்கள் வளர்க்கும் அறை என் பொறுப்பு. நாற்பதாயிரம் ஈக்கள். மக்காச்சோள மாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டுக் கூழ் காய்ச்சி, குப்பி குப்பியாக ஊற்றி வைப்பேன். கட்டின புருஷனுக்குக்கூட நான் அத்தனை பதம் பார்த்துச் சமைத்தது கிடையாது.

அந்தப் புருஷன் பெயர் ரங்கதுரை. காந்திபுரத்திலிருந்து சத்தியமங்கலம் போகும் பூங்காளியம்மன் பஸ்ஸுக்கு டிரைவர். நல்ல மனுஷர். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. ஒரே ஒரு குறை. காலாட்டுவார்.

சும்மா இல்லை. உட்கார்ந்தால் போதும், இடது கால் தையல் மிஷின் மாதிரி ஆரம்பித்துவிடும். சாப்பாட்டு மேசையில் கிண்ணத்து ரசம் தானாக அலையடிக்கும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் வீட்டு நாற்காலி கிறீச் கிறீச்சென்று அழுதது. காலாட்டுகிறவர் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று என் அம்மா உள்ளே போய் முணுமுணுத்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். "காலை ஆட்டாதீங்க மாமா" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தால்கூட எத்தனை ஆயிரம் ஆகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பஸ் வந்தபிறகு நிலைமை இன்னும் மோசம். பழைய பஸ்ஸில் கிளட்ச் மிதிக்கவாவது அந்தக் காலுக்கு ஒரு வேலை இருந்தது. புது பஸ்ஸில் கிளட்சும் கிடையாது, கியரும் கிடையாது. சத்தியமங்கலம் போய்ச் சேரும்வரை ஆட்டம்தான்.

அந்த வருஷம்தான் புதுச் சட்டம் வந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டிய பஸ் டிரைவர்கள் எல்லோரும் வேகப் பார்வைச் சோதனையில் தேற வேண்டும். பெரிய திரையில் புள்ளிகள் சரசரவென்று ஓடும். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். ஐம்பதுக்கு முப்பது எடுத்தால் தேர்ச்சி. தவறினால் ஆறு மாதத்தில் ஒரே ஒரு மறு வாய்ப்பு. அதிலும் தவறினால் இந்த ஜென்மத்தில் பஸ் ஓட்ட முடியாது.

நானும் கூடப் போனேன். வாசலில் நிறுத்தி, "ஆபீசருங்க முன்னால காலாட்டி மானத்த வாங்கிப்போடாதீங்க" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினேன். மனுஷர் சொன்ன சொல் தவறாமல் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். ஐம்பதுக்குப் பதினெட்டு.

முதலாளி அவரைக் காந்திபுரம் ஸ்டாண்டில் டைம்கீப்பராக உட்கார வைத்தார். ஒரு ஸ்டூல், ஒரு விசில். தன் பஸ்ஸை வேறொருவன் எடுத்துக்கொண்டு போவதை ஒரு நாளைக்கு மூன்று தடவை விசிலடித்து அனுப்பி வைக்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அந்தக் கால்கூட ஆடவில்லை. பதினாறு வருஷமாக நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது.

எங்கள் கூடத்தில் என் மேலதிகாரி டாக்டர் ஹெப்சிபா. பாளையங்கோட்டைக்காரர். ஈயின் மூளையில் தலைமுடியைவிட மெல்லிய ஊசியை இறக்கி, அதன் கண் நரம்பு என்ன பேசுகிறது என்று கேட்கத் தெரிந்தவர். ஒருநாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குப்பி கழுவுவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏளா கோகிலா, இங்ஙன வந்து பாரு."

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஓர் ஈ, முதுகில் பசை வைத்துக் கம்பியில் ஒட்டப்பட்டு அந்தரத்தில் தொங்கியது. ஆறு கால்களாலும் ஒரு சின்னக் காகித உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எதிரில் கோடு கோடாகப் படம் ஓடியது. பக்கத்துத் திரையில் அதன் கண் நரம்பின் துடிப்பு மந்தமாக நெளிந்தது.

"காலுக்கடியில காயிதம் இருக்கா, அதனால உக்காந்திருக்கோம்னு நெனைக்குது. இப்பப் பாரு." டாக்டர் வாயால் மெல்ல ஊதினார். உருண்டை கீழே விழுந்தது. உடனே ஈ சிறகடிக்க ஆரம்பித்தது. திரையில் மந்தமாக இருந்த கோடு குபீரென்று எழும்பியது.

"அதே கண்ணு, அதே படம். ஏன் இப்ப மட்டும் இப்படித் துடிக்குது?" என்று கேட்டார்.

"பறக்குதுங்களே."

"பறக்கும்போது மூளை ஒரு சாறு விடுது. ஆக்டோபமைன்னு பேரு. பாக்குற நரம்பெல்லாம் சட்டுனு முழிச்சிக்கிடும். திரும்ப உக்காந்துட்டா வேற சாறு வந்து அமத்திப்போடும். ஆளில்லாத ரூம்ல லைட்ட அணைக்கோம்லா, அது மாதிரி. சும்மா உக்காந்திருக்க ஈக்கு எதுக்கு அவ்வளவு பார்வை?"

"மனுஷனுக்கும் அப்படிச் சாறு இருக்குதுங்களா மேடம்?"

"அதுக்குப் பங்காளி ஒண்ணு இருக்கு. அத ஈ மாதிரியே ஏத்தி எறக்க ஒரு மருந்து செஞ்சாச்சு. மூக்குல அடிக்கிறது. கம்பெனிக்காரங்க அடுத்த வாரம் வாராங்க. டிரைவர்மாரு பன்னெண்டு பேர் வேணும். உன் வீட்டுக்காரர் வருவாரா?"

வருவாரா என்று கேட்டால் என்ன சொல்ல? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கம்பெனியிலிருந்து வந்த தருண் சென்னைப் பையன். எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் "சிம்பிள் மேடம்" என்பான். எங்களிடம் ஏறி நின்று நடக்கிற ஓடும் பெல்ட் நான்கு இருந்தன. பஸ் சீட் மாதிரி செய்த இருக்கை ஒன்றே ஒன்று. "எல்லாரையும் பெல்ட்ல நடக்கவிட்டு டெஸ்ட் பண்ணிடலாம். ஃபார்முக்கு ஒருத்தர மட்டும் சீட்ல உக்கார வெச்சா போதும். சிம்பிள் மேடம்" என்றான். டாக்டருக்கு அரை மனது. ஆனால் நாள் நெருக்கிக்கொண்டிருந்தது. பதினொரு பேர் நடந்துகொண்டே புள்ளிகளைப் பார்த்து முப்பத்தெட்டு, நாற்பது என்று வாங்கினார்கள். பன்னிரண்டாவது ஆளான ரங்கதுரை சீட்டில் உட்கார்ந்தார்.

மூக்கில் மருந்து அடித்த அரை மணியில் அவர் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது எடுத்தார். டாக்டர் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. தருண் போனில் இருந்தான். சீட்டுக்குக் கீழே அந்த இடது கால் போட்ட ஆட்டத்தை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

நோட்டில் எழுத வேண்டியவளும் நான்தான். அச்சடித்த தாளில் கேள்விகள் வரிசையாக இருந்தன. ஒன்பதாவது கேள்வி: 'சோதனையின்போது உடல் அசைவு: உண்டு / இல்லை.'

நான் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன். இந்தத் தாள் டெல்லிக்குப் போகும், வெளிநாட்டுக்குப் போகும், பெரிய பெரிய ஆட்கள் படிப்பார்கள். கோகிலவாணியின் புருஷன் காலாட்டுகிறவன் என்று உலகத்துக்கே தெரிய வேண்டுமா? 'இல்லை' என்பதில் ஒரு வட்டம் போட்டேன்.

டிரைவர்கள் அதை ஈ மருந்து என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஈயைக் கொல்லும் மருந்தை மூக்கில் அடிக்கிறார்களாம் என்று பாதிப் பேருடைய பெண்டாட்டிமார் பயந்தார்கள். எனக்கு வந்த பயம் வேறு. மருந்து உள்ளே இருக்கும் நாலைந்து மணி நேரத்துக்கு இவருக்கு உலகமே வேறு மாதிரி தெரிந்தது. ஓடும் மின்விசிறியின் இறக்கையை ஒவ்வொன்றாக எண்ணினார். டிவியில் படம் ஓடவில்லை, போட்டோவாக மாற்றி மாற்றி வைக்கிறார்கள் என்றார். டியூப்லைட் அணைந்து அணைந்து எரிகிறது என்று அதைக் கழற்றிவிட்டுக் குண்டு பல்பு போட்டார்.

ஒருநாள் சாயங்காலம் அவரே டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை பாகாக இருந்தது. "நல்லாருக்குதுங்க மாமா" என்று சிரித்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் காலாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அம்மிணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டயே?"

"சொல்லுங்க."

"நீ சிரிக்கறதுக்கு மின்னால, கண்ண மூடித் தொறக்கற நேரத்துக்குள்ள, மூஞ்சியச் சுளிச்சுப்போட்டுத்தான் சிரிக்கற."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பிற்பாடு கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சிரித்துப் பார்த்தேன். ஒரு சுளிப்பும் தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் மருந்து அடித்துக்கொண்டு வந்த நாட்களில் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டே பதில் சொல்லப் பழகினேன். பதினாறு வருஷம் குடித்தனம் செய்த வீட்டில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திண்டாடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனாலும் அவருக்குப் பஸ் திரும்பக் கிடைக்கப் போகிறதே. சோதனையில் தவறியவர்கள் மருந்து அடித்துக்கொண்டு ஓட்டலாம் என்று அனுமதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூங்காளியம்மன் பஸ்ஸில் ரங்கதுரை தொடங்கி வைப்பது, திங்கள்கிழமை முதல் மாவட்டத்தில் இருநூற்றுப் பத்து டிரைவர்களுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. ஸ்டாண்டில் பந்தல், மாலை, மைக் எல்லாம் வந்துவிட்டன. பத்திரிகைக்காரர்கள் வேறு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் வியாழக்கிழமையே ஆரம்பித்துவிட்டேன்.

"மேடையில உக்காந்து காலாட்டுனீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். பஸ்லயும் ஆட்டக்கூடாது. போட்டோ புடிப்பாங்க."

"செரி."

"என்ற மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்.

மேடையில் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ் கிளம்பியது. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் நான், பக்கத்தில் பொங்கியண்ணன். அவரும் டிரைவர்தான், ஐம்பத்து நான்கு வயது, அவரும் சோதனையில் தவறியவர். திங்கள்கிழமை மருந்து வாங்கப் போகிறவர்களில் அவர் பெயர் முதலில் இருந்தது. எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசையாக வந்திருந்தார்.

சரவணம்பட்டி தாண்டி ஒரு வேகத்தடை. இவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. எல்லோரும் எம்பி உட்கார்ந்தோம். பதற்றம்போல என்று நினைத்தேன். கோவில்பாளையத்தில் கை காட்டி நின்ற ஆளைப் பார்க்காமல் போனார். கண்டக்டர் இரண்டு தடவை விசிலடித்த பிறகுதான் இவர் நிறுத்தினார். பொங்கியண்ணன் என் பக்கம் குனிந்து, "என்ன கண்ணு, நம்ம ரங்கன் தூங்கறானா?" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். தூக்கம் இல்லை. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் பார்வை எங்கோ மந்தமாக நின்றது. கீழே பார்த்தேன். இடது பாதத்தை அப்படியே தரையில் பதித்து, அது எழும்பாமல் இருக்க அதன் மேல் சாப்பாட்டுத் தூக்கை ஏற்றி வைத்திருந்தார். என் மேல் பண்ணிய சத்தியம் அல்லவா?

காலில் காகித உருண்டை பிடித்திருந்த ஈ எனக்கு ஞாபகம் வந்தது.

அதே நேரத்தில் முன்னால், ஒரு மில் சந்திலிருந்து பின்னால் இரண்டு பால் கேன் கட்டிய ஸ்கூட்டரில் ஒரு பெண் ரோட்டின் குறுக்கே ஏறினாள். நான் பார்த்தேன், பொங்கியண்ணன் பார்த்தார், பஸ்ஸில் பாதிப் பேர் பார்த்தார்கள். ஓட்டுகிறவர் மட்டும் பார்க்கவில்லை.

"காலை ஆட்டுங்க மாமா!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் அதற்கு முன்னால் வந்ததில்லை. அவர் திடுக்கிட்டார். தூக்கு உருண்டது. சாம்பார் கொட்டியது. கால் தையல் மிஷினாக ஆரம்பித்தது. அடுத்த நொடி அவர் கண்ணில் விளக்குப் போட்டது எனக்கே தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டி பிரேக்கை அழுத்தினார். பஸ் ரோட்டை விட்டு இறங்கிச் சோளக்காட்டுக்குள் இருபதடி போய் நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கேன் பால் மட்டும் ரோட்டில் ஓடியது. அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராக டிரைவர் ஜன்னலுக்கு வந்தாள். "ஏனுங், கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?" என்று ஆரம்பித்தவள் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உயிரோடு நின்று திட்டுகிறாளே என்று எனக்குக் கும்பிடத் தோன்றியது.

சனங்களை வேறு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு இவர் மைல்கல் மேல் உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது. மருந்து இன்னும் உள்ளே இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"இக்கட்டத் திரும்பு அம்மிணி. என்னத்த மறைக்கற?"

திரும்பினேன். ஒன்பதாவது கேள்வியைச் சொன்னேன். வட்டம் போட்டதைச் சொன்னேன். நடந்துகொண்டே பார்த்தவர்களுக்கு நடக்கிற கால் வேலை செய்தது, உங்களுக்கு ஆடுகிற கால் வேலை செய்தது, சும்மா உட்கார்ந்தால் இந்த மருந்து கண்ணை அணைத்துப்போடும், அது தெரியாமல் போனதற்கு என் வெட்கம்தான் காரணம் என்று அழுதுகொண்டே சொன்னேன். "சொன்னா என்ற வேலை போயிரும். உங்களுக்கு மறுக்கா அந்த ஸ்டூலுதான்."

அவர் கொஞ்ச நேரம் சோளக்காட்டில் நின்ற பஸ்ஸைப் பார்த்தார். அப்புறம் தூரத்தில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த பொங்கியண்ணனைப் பார்த்தார்.

"அவரு உக்காந்தா செலையாட்டம் உக்காருவாரு. திங்கக்கெழமை அவரு வண்டியில யாரு கத்துவா?" என்றார். "போயிச் சொல்லிப்போடு. நான் விசிலூதிக்கறேன்."

டாக்டர் ஹெப்சிபா நோட்டை வாங்கி அந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷ வேலை, கோகிலா" என்றார். அப்புறம் தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "உன்ன மட்டும் சொல்லி என்ன? ஒரே ஒரு ஆள உக்கார வச்சுட்டு நானும்லா கையெழுத்துப் போட்டேன். ஈகிட்ட இருந்து ஏத்துறதக் காப்பியடிச்சோம், உக்காந்தா எறக்குறதயும் சேத்துக் காப்பியடிச்சிருக்கோம். பாக்குறவன் பஸ்ஸுல உக்காந்துல்லா இருப்பான்னு ஒருத்தருக்கும் தோணல. ஈயடிச்சான் காப்பி."

தருண் போனை வைத்துவிட்டு வந்தான். "மேடம், இது சிம்பிள். பாட்டில்லயே எழுதிடலாம். மருந்து அடிச்சிட்டு காலாட்டிட்டே ஓட்டவும். முடிஞ்சுது."

"சிக்னல்ல நிக்கும்போது?" என்றார் டாக்டர். "எட்டு மணி நேரம் ஓட்டிக் களைச்சுப் போனா? காலு மரத்துப் போனா?"

"ஞாபகம் வெச்சு ஆட்டணும் மேடம்."

எனக்குப் பேச அருகதை இல்லை. இருந்தாலும் பேசினேன். "தானா ஆடற காலு வேற, ஆட்டச் சொல்லி ஆட்டற காலு வேறங்க. பதினாறு வருஷம் நிறுத்தச் சொல்லியே நிக்கல. சொன்னதுக்கு எப்படிங்க ஆடும்?"

டாக்டர் போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லா மருந்துப் பெட்டிகளும் திரும்பி வந்துவிட்டன. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் நோட்டு என் கைக்கு வராது. கூழ் காய்ச்சு, குப்பி கழுவு, அவ்வளவுதான். அது நியாயம்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் வேறு யாரோ அதில் எழுதுவதைப் பார்க்கும்போது வலித்தது.

திங்கள்கிழமை காந்திபுரம் ஸ்டாண்டில் பொங்கியண்ணன் எதிரே வந்தார். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஓடி ஒளிய இடமில்லை.

"நல்ல காரியம் பண்ணுன கண்ணு" என்றார். "ஒரு உசுரு போயிருந்தா என்னாலயும் தாங்க முடியாது." சொல்லிவிட்டு நாலடி போனவர் திரும்பிப் பார்த்தார். "காக்கிச் சட்டையத் தேய்ச்சு வெச்சிருந்தேன். அதான்."

அந்த வாரம் முழுக்க ஸ்டாண்டில் ஒரு கூத்து நடந்தது. சோதனையில் தவறிய டிரைவர்கள் எல்லோரும் டீக்கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து மருந்தே இல்லாமல் காலாட்டிப் பழகினார்கள். டீ கிளாஸ் எல்லாம் தாளம் போட்டன. யாரோ ஒருவன் காலாட்டினால் கண் தெரியும் என்று கிளப்பிவிட்டிருந்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு டாக்டர் காது வரைக்கும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். அந்த ஒரு வாரத்தில் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "உன் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா. மருந்து கிடையாது. சும்மா."

வந்தார். அதே சீட், அதே திரை. டாக்டர் முதலில், "கால அசைக்காம பாருங்க" என்றார். பதினெட்டு. அப்புறம், "இப்ப உங்க இஷ்டத்துக்கு இருங்க" என்றார். கால் ஆரம்பித்தது. நாற்பத்தொன்று.

டாக்டர் தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெல்ட்டுல நடந்தவனெல்லாம் நாப்பதோட நிக்க, இவரு மட்டும் எப்படி நாப்பத்தொம்பதுன்னு எனக்கு ஒரு வாரமா உறக்கமில்ல. இவரு ஒடம்புல அந்தச் சாறு தன்னால ஊறுது. காலு ஆட ஆட ஊறுது. சரி, கவர்மென்ட் சோதனையில பதினெட்டு எடுத்தாருல்ல, அன்னைக்குக் காலு ஆடுச்சா?"

இவர் எனக்காகப் பொய் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஆட்ட வேண்டாம்னு நான்தாங்க சொன்னேன்."

"அப்ப மருந்து அவரு கால்லயே இருந்திருக்கு" என்றார் டாக்டர். "அமத்தி வச்சது நீதாம்ளா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், கூடவே அழுதேன். டாக்டர் பொங்கியண்ணனையும் வரவழைத்துச் சோதித்துப் பார்த்தார். அவர் என்ன ஆட்டியும் இருபத்திரண்டைத் தாண்டவில்லை. முப்பது வருஷம் சிலையாக உட்கார்ந்து பழகிய உடம்பு. அவர் இப்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்து விசிலடிக்கிறார். ரங்கதுரையின் பஸ் கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் நீளமாக அடிப்பார்.

ஆமாம், மறு சோதனையில் இவர் தேறிவிட்டார். ஆபீசர் கீழே குனிந்து பார்த்து, "என்னங்க இது, காலாட்டறீங்க?" என்று கேட்டிருக்கிறார். "வீட்ல சொல்லி அனுப்புனாங்க சார்" என்று சொல்லியிருக்கிறார் என் புருஷன்.

அன்றைக்குச் சாயங்காலம் மேசையில் ரசம் அலையடித்தது. நான் அவருக்கு நேராக, முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். "மருந்து நின்னது எனக்கு ஒரு நிம்மதிங்க மாமா. இனி என்ற மூஞ்சி சுளிக்கறது உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "மருந்துக்கு முந்தியே தெரியும் அம்மிணி. சொல்றதுக்குத்தான் ஒரு சாக்கு கெடைக்கல. மருந்து மேல பழியப் போட்டுச் சொன்னேன்."

"எப்ப இருந்து தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே. காப்பித் தட்டோட வந்த, என்ற காலப் பாத்த, சுளிச்ச, அப்பறம் சிரிச்ச."

"சுளிச்சது தெரிஞ்சும் எதுக்குங்க சரின்னு சொன்னீங்க?"

"சுளிப்புக்கும் சிரிப்புக்கும் நடுவுல இன்னொண்ணும் வந்து போச்சு. புடிச்சிருக்குதுன்னு. நீ அத வாய்ல சொல்ல நாலு நாளாச்சு. எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு."

நான் ரசக் கிண்ணத்தைச் சிந்தாமல் மேசையின் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.